படிக்கு ஒருவர்

சோலோதூர்ன்,
22 பிப்ரவரி 1981

அன்புள்ள தம்பி அலோயிஸ்,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் ஆற்று மூடுபனியோடு கூட்டு சேர்ந்துகொண்டு என்னைப் படுத்துகிறது. கிறிஸ்துமஸ் அட்டையில் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறவள் இன்றைக்கு ஏன் தாள் தாளாக எழுதுகிறாள் என்று நீ சந்தேகப்படுவாய். சொல்கிறேன்.

நம் மாநிலம் சுவிஸ் கூட்டமைப்பில் பதினொன்றாவதாகச் சேர்ந்து இந்த வருஷத்தோடு ஐந்நூறு ஆண்டு முடிகிறது. நம் ஊர்க்காரர்களுக்குப் பதினொன்று என்றால் கிறுக்கு என்பது உனக்குத் தெரியாததா? பதினொரு தேவாலயம், பதினொரு நீரூற்று, பதினொரு கோபுரம், பேராலயத்துக்குள் போனால் பதினொரு பீடம், மேலே பதினொரு மணி. இந்த வருஷம் அந்தக் கிறுக்கு உச்சத்துக்கு ஏறிவிட்டது. பதினொன்றைப் பற்றி மட்டுமே ஒரு விழா மலர் போடுகிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஃப்ளூரி தலைவர், நான் செயலாளர். மற்றவர்கள் காபி குடிக்க வருகிறார்கள்.

"நம்ம ஊரு சங்கதியெல்லாம் எல்லாருக்கும் தெரியும் ஹெட்விக். உலகத்துல இருக்கற மத்த பதினொண்ணையெல்லாம் பிடிச்சுட்டு வாங்க" என்கிறார் ஃப்ளூரி. எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. ஏழு வயதில் ஜன்னல், கதவு, கூரை ஓடு என்று எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பாய். தெரிந்ததை எழுதி அனுப்பு. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹெட்விக்

லாண்ட்குவார்ட்,
3 மார்ச் 1981

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே மலையிலிருந்து வெப்பக் காற்று இறங்குகிற பருவம். ஊரில் பாதிப் பேர் தலையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், நானும் அதில் ஒருவன். உன் கடிதத்தைக் கையில் கொடுத்த தபால்காரர், "யாரோ உங்களுக்கு உயில் எழுதிட்டாங்க போல" என்றார். அத்தனை கனம்.

பட்டறையில் ரயில் சக்கரம் கடைகிறவனுக்கு மாலையில் என்ன வேலை? பழைய பஞ்சாங்கங்களும் கணக்குப் புத்தகங்களும்தான் துணை. எடுத்துக்கொள். பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் 121. நூற்றுப் பதினொன்றை அதாலேயே பெருக்கினால் 12321. இன்னொரு ஒன்றைப் பக்கத்தில் சேர்த்து, 1111-ஐ அதாலேயே பெருக்கினால் 1234321. ஏறிப் போன வழியாகவே இறங்கி வருகிறது பார். சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறைய ஏறக்குறைய பதினொரு வருஷம் ஆகிறது. கால்பந்தில் ஆளும் பதினொன்று, பெனால்டி அடிக்கிற புள்ளிக்கும் கோலுக்கும் நடுவே மீட்டரும் பதினொன்று. முதல் உலகப் போரை நிறுத்தியது பதினொன்றாம் மாதம் பதினொன்றாம் தேதி பதினொரு மணிக்கு. வேதாகமத்தில் யோசேப்பு கனவு காண்கிறான், பதினொரு நட்சத்திரங்கள் அவனை வணங்குகின்றன.

ஒரு எண் பதினொன்றால் வகுபடுமா என்று பார்க்க ஒரு வித்தை இருக்கிறது. இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டி இரண்டையும் கழித்துப் பார். பூஜ்ஜியமோ பதினொன்றோ வந்தால் வகுபடும். 2728-ஐ வைத்துப் பார், ஃப்ளூரியை அசத்தலாம்.

நம் அண்ணன் எமில் எப்படி இருக்கிறான்? இன்னும் பாசலில்தானா? அவனுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைக்கிறேன். முழங்காலுக்குச் சூட்டு ஒத்தடம் கொடு.

தம்பி,
அலோயிஸ்

சோலோதூர்ன்,
19 மார்ச் 1981

அன்புள்ள தம்பி,

சுகம்தானே? ஒத்தடம் வேலை செய்கிறது. படி ஏறும்போது இப்போது நான் பதினொன்றுக்குப் பதில் நாலு தடவைதான் முனகுகிறேன்.

உன் தாள்களைப் படித்துவிட்டு ஃப்ளூரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருங்க இவரு, பேராசிரியரா?" என்று கேட்டார். எங்களுக்கு வேண்டியவர் என்று சொல்லிவைத்தேன். எல்லாமே மலரில் வருகிறது.

இன்னொரு விஷயம். 1941-இல் எடுத்த அந்தப் படம் உனக்கு ஞாபகம் இருக்கும். பேராலயத்தின் முதல் பதினொரு படியில் படிக்கு ஒருவராக நம் வீட்டுப் பிள்ளைகள். கீழ்ப்படியில் பெரியவள் நான், மேற்படியில் கூடைக்குள் கிளாரா. அது தபால் அட்டையாகி ஊரெங்கும் விற்றது. நாற்பது வருஷம் கழித்து அதே படியில் அதே பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று ஃப்ளூரி துடிக்கிறார். அக்டோபர் பதினொன்று ஞாயிற்றுக்கிழமையாக அமைந்திருக்கிறது. காலை பதினொரு மணிக்குப் படம்.

நீயும் வர வேண்டும், அலோயிஸ். வந்து எங்களோடு படியில் நில். மறுக்காதே. அன்றைக்கு என் வீட்டில்தான் சாப்பாடு.

அன்புடன்,
ஹெட்விக்

லாண்ட்குவார்ட்,
25 மார்ச் 1981

அன்புள்ள அக்கா,

தலைவலி போய்விட்டது. காற்று நின்றதாலா உன் கடிதத்தாலா என்று தெரியவில்லை.

எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். வீட்டுக்கார அம்மா மெங்கியாவிடம்கூடப் படித்துக் காட்டினேன். அவர், "நாப்பது வருஷமா என்னத்தப் புடுங்கிட்டிருந்தாங்களாம் உங்க வீட்ல?" என்றார். அப்படிப் பேசாதீர்கள், என் அக்கா அவள், என்று சண்டை போட்டேன். பிறகு அவரே என் கோட்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பித்தான் தைத்துக் கொடுத்தார்.

அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, நல்ல குளிர். எல்லாருடைய மேல்கோட்டையும் கழற்றி என் மேல் போட்டு, மோசே நீரூற்றுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். "கீழ போட்டுறாதடா கண்ணு, இப்ப ஒரு நிமிஷம்" என்றாள் அம்மா. கோட்டுக் குவியலுக்கு மேலே எனக்கு மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்திருக்கும். நான் படிகளை எண்ணினேன், உங்களையும் எண்ணினேன். இலையுதிர் காலத்தில், ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பண்ணை வேலைக்குக் கொடுக்கிற ஊராட்சிக்காரர் ஒருவர் வந்து என்னைச் சைக்கிளில் உட்கார வைத்துப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தொழுவத்துக்கு மேலே வைக்கோலில் ஒன்பது வருஷம். அதை விடு.

ஒன்று கேட்கிறேன். இந்தத் தடவை பன்னிரண்டு பேரும் நிற்கப் போகிறோமா? ஃப்ளூரி ஒப்புக்கொண்டாரா? எந்த ஊற்றை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்று தெரிந்தவர்களாயிற்றே நம் ஊர்க்காரர்கள்! பன்னிரண்டாவது படியில் காலை வைத்தால் பேராலயம் இடிந்துவிடும் என்பார்கள்.

எமிலைப் பற்றி நீ எழுதவே இல்லை. பழைய விலாசத்துக்கு நானே ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

உன் தம்பி,
அலோயிஸ்

பாசல்,
14 ஏப்ரல் 1981

மதிப்பிற்குரிய அலோயிஸ் அவர்களுக்கு,

நாம் பார்த்ததில்லை. நான் மார்த்தா, எமிலின் மனைவி. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அவருக்கு நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. பத்து நாள் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல்.

அவர் ஜனவரி ஒன்பதாம் தேதி போய்விட்டார். நுரையீரல். இங்கேயே அடக்கம் செய்தோம். உங்கள் வீட்டிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே என்று நான் கேட்டபோது ஹெட்விக் அண்ணி, "அத நான் பாத்துக்கறேன் மார்த்தா, நீ கவலப்படாத" என்று பொறுப்பு எடுத்துக்கொண்டார். அதனால்தான் நீங்கள் வராததை நினைத்து எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. மன்னித்துவிடுங்கள்.

கடைசி வாரத்தில் அவர் உங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார். "எனக்கும் அவனுக்கும் ஒரே ஷூ. அன்னிக்கு அது என் கால்ல இருந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்று எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்த்தா

லாண்ட்குவார்ட்,
20 ஏப்ரல் 1981

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

எமில் செத்து மூன்று மாதம் கழித்து, மார்த்தா அண்ணி எழுதித்தான் எனக்குத் தெரிகிறது. அந்த மூன்று மாதத்தில் நீ எனக்கு இரண்டு கடிதம் எழுதினாய். முழங்காலைப் பற்றி, ஃப்ளூரியின் மூக்குக்கண்ணாடியைப் பற்றி.

பன்னிரண்டில் ஒன்று போனால் பதினொன்று. இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. நாற்பது வருஷம் இல்லாத பாசம் இந்தப் பிப்ரவரியில் ஏன் பொங்கியது என்று இப்போது விளங்குகிறது. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல். படியில் நிற்கும்போது என் பெயர் என்ன?

அலோயிஸ்

சோலோதூர்ன்,
2 ஜூன் 1981

அன்புள்ள தம்பி,

நீ கோபமாக இருப்பாய். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். ஆறு வாரமாக உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். போன டிசம்பரில் ஃப்ளூரி என்னிடம், "நீங்க பதினொரு பேரும் உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு அது உண்மை. அவர் சந்தோஷத்தில் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். 'நாற்பது ஆண்டுக்குப் பிறகும் பதினொருவரும் உயிருடன்' என்று செய்தி வந்தது. மூன்று வாரத்தில் எமில் போய்விட்டான். பாசலில் நடந்த சாவு, இங்கே யாருக்கும் தெரியாது. நான் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நாள் போய்விட்டது. இப்போது பெயர் வரிசை அச்சுக்கோப்பவரிடம் இருக்கிறது.

நீயும் எமிலும் ஒரே ஜாடை. ஒரு வயதுதான் வித்தியாசம். ஃப்ளூரி பெயர் வாசிக்கும்போது 'எமில்' என்றால் நீ தலையை ஆட்டினால் போதும். ஒரு நிமிஷ வேலை. மற்ற எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். எமிலுக்கும் அது ஒரு மரியாதைதானே? பிறகு வீட்டுக்கு வந்து எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். ஹேசல்நட் கேக் செய்கிறேன். உனக்குப் பிடிக்கும்.

ஹெட்விக்

லாண்ட்குவார்ட்,
9 ஜூன் 1981

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உப்பைக் குறை.

எனக்கு ஹேசல்நட் கேக் பிடிக்கும் என்று உனக்கு யார் சொன்னார்கள்? நான் அந்த வீட்டில் அதைச் சாப்பிட்டதே இல்லை.

யோசேப்பின் பதினொரு நட்சத்திரத்தை உன் மலருக்கு அனுப்பினேனே, அந்தக் கதையின் மிச்சத்தையும் படித்துப் பார். அந்தப் பதினொரு பேரும் அவனுடைய சகோதரர்கள். அவனைக் குழியில் இறக்கி விற்றவர்கள் அவர்கள்தான். சரியாகச் சொன்னால் விற்றது பத்துப் பேர், கடைக்குட்டி பென்யமீன் வீட்டில் இருந்தான். நம் வீட்டில் கிளாரா கூடைக்குள் இருந்த மாதிரி. அவளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் யோசேப்பின் அண்ணன்மார்கூட அவனைத் திரும்பக் கூப்பிட்டு, செத்தவன் பெயரில் நில் என்று கேட்கவில்லை.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிரோடு பதினொரு பேர் என்பது நான் அலோயிஸாக நின்றால் மட்டும்தான் உண்மை. அப்படி நின்றால் பழைய படம் பொய்யாகிவிடும். எமிலாக நின்றால் புதிய படம் பொய். இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்ற முடியாது. நீ ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

நான் பணம் கேட்கவில்லை, அந்த வீட்டில் பங்கு கேட்கவில்லை, பண்ணையில் பட்டதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அச்சில் என் பெயர் வர வேண்டும். அலோயிஸ், இன்னார் மகன், இன்னாரின் தம்பி. அதற்கு ஒத்துக்கொண்டால் வருகிறேன். வந்து உன் கேக்கையும் தின்கிறேன்.

அலோயிஸ்

சோலோதூர்ன்,
30 ஆகஸ்ட் 1981

அன்புள்ள அலோயிஸ்,

நீ நலமா? நான் தூங்கி வெகு நாளாகிறது. இதை எழுதிவிட்டால் தூக்கம் வரும் என்று எழுதுகிறேன்.

ஊரின் பதினொன்றைக் கொண்டாட அந்தக் காலத்தில் ஒரு 'பதினொன்று சபை' இருந்தது, அந்தச் சபைக்காரர்கள் அன்றைக்கு அப்பாவிடம் பதினொரு பிள்ளை வேண்டும் என்றார்கள். படம் நன்றாக வந்தால் பீல் வாசலருகே இருக்கும் சபை வீட்டை நமக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஆறு பேர் ஒரு கட்டிலில் படுத்த காலம் அது. அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஒருத்தன விடணும். யாருன்னு நீயே பாத்துக்க, எனக்கு வாய் வரல" என்றார். எனக்குப் பதிமூன்று வயது. உங்கள் இருவருக்கும் சேர்த்து ஷூ ஒரு ஜோடிதான் இருந்தது, ஒன்று நீ, இல்லாவிட்டால் எமில். எமிலை விட்டிருந்தால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தி அழுதிருப்பான். நீ அழமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன்னை விட்டேன். வேறு காரணம் ஒன்றுமே இல்லை.

வீடு கிடைத்தது. ஜன்னலில் பன்னிரண்டாவது தலை தெரிந்தால் பறிபோய்விடும் என்று அப்பா பயந்தார். இலையுதிர் காலத்தில் ஊராட்சிக்காரரை வரவழைத்தது அவர்தான். ஆனால் வரிசையிலிருந்து உன்னை முதலில் எடுத்தவள் நான். கிளாராவுக்கு இன்றுவரை நீ இருப்பதே தெரியாது. மற்ற எல்லாருக்கும் நீ தூரத்து உறவு மாதிரி ஆகிவிட்டாய். எனக்கு மட்டும்தான் அப்படி ஆகவில்லை.

நீ கேட்டதுதான் நியாயம். உன் பெயரே வரும். ஃப்ளூரியிடம் நான் பேசிக்கொள்கிறேன். வா, தம்பி.

ஹெட்விக்

சோலோதூர்ன்,
3 அக்டோபர் 1981

அன்புள்ள தம்பி,

சுகமாக இருப்பாய். ரயில் நேரம் எழுதி நீ அனுப்பிய அட்டை கிடைத்தது. 'தேர்ந்தெடுத்ததற்கு நன்றி' என்று அதில் எழுதியிருந்தாய். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவசரமாக ஒரு தகவல். ஃப்ளூரிக்கு நல்ல காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அதனால் படத்தை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டார்கள். பதினெட்டாம் தேதி ஞாயிறு, அதே பதினொரு மணி. பதினொன்றாம் தேதி வந்து வீணாக அலையாதே. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வா, பனி இறங்கிவிட்டது.

உன் அக்கா,
ஹெட்விக்

லாண்ட்குவார்ட்,
19 அக்டோபர் 1981

அக்காவுக்கு,

நான் சௌகரியமாகத் திரும்பி வந்து சேர்ந்தேன்.

நேற்று காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். மெங்கியா அம்மா வாசல்வரை வந்து கழுத்துப்பட்டியைச் சரி செய்து, "இப்பத்தான் மனுசன் மாதிரி இருக்கீங்க" என்றார். பத்தரைக்கெல்லாம் பேராலயத்தின் முன்னால் நின்றேன். படியில் யாரும் இல்லை. ஒருவர் இலை கூட்டிக்கொண்டிருந்தார். சீக்கிரம் வந்துவிட்டேன் போல என்று காத்திருந்தேன். பூசை முடிந்து வந்தவர்களில் உன் முகத்தைத் தேடினேன். பதினொரு மணியும் அடித்து முடிந்தது.

பிறகுதான் இலை கூட்டுகிறவரைக் கேட்டேன்.

"போட்டோவா? அது போன ஞாயித்துக்கெழமையே முடிஞ்சுதே! பதினொண்ணாந்தேதி, பதினொரு மணி. அப்படி ஒரு நாள இந்த ஊர்க்காரங்க விடுவாங்களா என்ன?"

"ஃப்ளூரி சாருக்குக் காய்ச்சல்னு சொன்னாங்களே?"

"யாரு, அவரா? அன்னிக்குக் குதிரக்குட்டி மாதிரி படியில ஏறி எறங்கிட்டிருந்தாரு."

என்னைத்தான் நான் திட்டிக்கொண்டேன். பதினொன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக உனக்கு எழுதி அனுப்பியவன், சோலோதூர்ன்காரர்கள் அந்தத் தேதியைத் தள்ளிவைப்பார்கள் என்று நம்பியிருக்கிறேன் பார். கடிதத்தைப் பிரித்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நீ எழுதியதால் நம்பிவிட்டேன்.

குளிர் தாங்காமல் எதிரே ஒரு கேக் கடைக்குள் போனேன். கண்ணாடி அலமாரியில் படம் பெரிதாக வைத்திருந்தது, பக்கத்தில் உங்கள் மலர். கீழ்ப்படியில் நீ. மேற்படியில் நரைத்த தலையோடு ஒருத்தி, அவள்தான் கிளாராவாக இருக்கும். அம்மாவின் நெற்றி அப்படியே. எமிலின் படியில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு யாரோ ஒருவர். எனக்கு அவரைத் தெரியவில்லை. எமிலுக்கும் தெரிந்திருக்காது. கீழே எமில் என்றுதான் அச்சடித்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

காபி கொண்டுவந்த பெண் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அத்தன பேரும் கூடப் பொறந்தவங்க சார். ஒருத்தர்கூடக் கொறையாம நாப்பது வருசம்! நம்பவே முடியல இல்ல?" என்றாள்.

"எனக்கும் நம்ப முடியலம்மா" என்றேன்.

"நீங்க வெளியூரா?"

"ஆமா, வெளியூருதான்."

மலரில் நான் எழுதிய சூரியப் புள்ளியும் நட்சத்திரமும் இருந்தன. என் பெயர் எங்கேயும் இல்லை. உன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டலாமா என்று தெருமுனைவரை வந்தேன். உள்ளே கிளாரா இருந்துவிட்டால், நான் யார் என்று நீ அவளிடம் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்குமே என்று திரும்பிவிட்டேன்.

1941-இல் நடந்ததை நான் உன்மேல் வைக்கவில்லை, அக்கா. ஆகஸ்டில் நீ அதை எழுதியபோது அழுதேன், அந்த இரவே மன்னித்துவிட்டேன். உனக்குப் பதிமூன்று வயது, அப்பா கேட்டார், நீ ஒருவனை எடுத்தாக வேண்டியிருந்தது. இப்போது உனக்கு ஐம்பத்து மூன்று. இந்தத் தடவை உன்னை யாரும் கேட்கவில்லை.

உப்பைக் குறைத்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்ப வேண்டாம்.

அலோயிஸ்